ரேடியேஷன் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் தொண்டை ஏன் இறுகிக்கொண்டே போகிறது?

கேட்டிருப்பது இது: அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். 35 முறை ரேடியேஷன், கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்து, எல்லாம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. நோய் திரும்பவில்லை என்று ஸ்கேன் சொல்கிறது. ஆனால் வாய் காய்ந்தே கிடக்கிறது, சாப்பாடு தொண்டையில் நிற்கிறது, வாய் முழுதாகத் திறப்பதில்லை, பற்கள் ஓரத்தில் உதிர்கின்றன, எப்போது பார்த்தாலும் அசதி. போகப் போகச் சரியாகிவிடுமா?

சில சரியாகும். சில இருக்கிற அளவிலேயே நிற்கும். சில, கவனிக்காமல் விட்டால் இனிமேல்தான் கூடும். இந்த மூன்றாவது வகைதான் முக்கியம். சிகிச்சை முடிந்ததும் எல்லோரும் மூச்சு விட்டு ஓய்ந்துவிடுவதால் அதை யாரும் கவனிப்பதில்லை.

ரேடியேஷன் நடக்கும்போது வரும் வாய்ப்புண்ணும் தோல் எரிச்சலும், வேகமாகப் பெருகும் செல்கள் அடிபடுவதால் வருபவை. அவை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ ஆறிவிடும். பின்னால் வருவது வேறு. தொண்டைக்கு வழக்கமாகக் கொடுக்கும் 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில், அந்தப் பகுதியின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் மெல்ல அடைபடுகின்றன. இரத்தம் குறைந்த தசையில் நார்த்திசு சேர்கிறது. மிருதுவாக நீண்டு சுருங்க வேண்டிய தசை, காய்ந்த தோல்வார் போல விறைக்கிறது. இது மாதக் கணக்கில் இல்லை, ஆண்டுக் கணக்கில் நடக்கும் வேலை. அதனால் மூன்றாம் ஆண்டில் புதிதாக ஒரு தொல்லை தலைகாட்டினால், சிகிச்சையில் தவறு நடந்தது என்று பொருளில்லை. நோய் திரும்பிவிட்டது என்றும் உடனே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் எந்தப் புதுத் தொல்லையையும் முதலில் மருத்துவர் உள்ளே பார்த்து, "நோய் இல்லை" என்று உறுதி செய்த பிறகே பின்விளைவு என்று பெயர் வைக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

விழுங்குவதிலிருந்து தொடங்குகிறேன். உயிருக்கு ஆபத்தானது அதுதான்.

ஒரு கவளத்தை விழுங்கும்போது நாக்கின் அடிப்பகுதி பின்னால் தள்ள வேண்டும், தொண்டைச் சுவர் பிழிய வேண்டும், குரல்வளை மேலே ஏறி மூச்சுக்குழாயை மூட வேண்டும், உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள். தசை விறைத்தால் தள்ளும் வேகம் குறையும், குரல்வளை பாதி ஏறி நிற்கும். உணவின் ஒரு பகுதி தொண்டைப் பள்ளங்களில் தங்கி, அடுத்த மூச்சில் உள்ளே இறங்கும். வழக்கமாக அப்போது புரை ஏறி இருமல் வரும். ஆனால் கதிர்வீச்சு பட்ட தொண்டையில் உணர்வும் மங்கியிருப்பதால், நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராமல் இருக்கலாம். முன்பு அடிக்கடி புரை ஏறியது, இப்போது ஏறுவதில்லை என்றால் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதித்துப் பார்க்க வேண்டிய செய்தி அது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: சாப்பிட்ட உடன் குரல் ஈரமாக, கொளகொளவென்று கேட்பது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது, எடை குறைவது, காரணம் தெரியாமல் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் திரும்பத் திரும்ப வருவது, தண்ணீரைத் தானாகவே தவிர்க்கத் தொடங்குவது. பலருக்குக் கெட்டியான உணவைவிடத் தண்ணீர்தான் கடினம். வேகமாக ஓடுவதால், மெதுவாக மூடும் குரல்வளையை அது முந்திவிடும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் விழுங்கல் சோதனை கேளுங்கள். இரண்டு வகை உண்டு. எக்ஸ்-ரேயில் தெரியும் பேரியம் கலந்த திரவத்தையும் உணவையும் விழுங்கச் சொல்லி எக்ஸ்-ரே வீடியோ எடுப்பது ஒன்று. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கி, சாப்பிடும்போதே பார்ப்பது இன்னொன்று. உணவு எங்கே நிற்கிறது, எந்தப் பதத்தில் தவறுகிறது, தலையை எப்படி வைத்தால் சரியாகிறது என்று அங்கேயே முயன்று பார்க்கலாம். தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்குவது என்ற உத்தியை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுப்பதுண்டு. சிலரிடம் அது மூச்சுக்குழாயைக் காக்கும், சிலரிடம் நிலைமையை மோசமாக்கும். சோதனையில் பார்த்த பிறகே பழக்க வேண்டும்.

ஒன்றைத் தனியாகப் பிரித்தறிய வேண்டும். தண்ணீர் தடையில்லாமல் இறங்குகிறது, கெட்டி உணவு மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் உணவுக்குழாயின் மேல்பகுதி தழும்பால் குறுகியிருக்கக்கூடும். அதற்குப் பயிற்சி போதாது. எண்டோஸ்கோப்பி வழியாக விரித்துவிட வேண்டும். ஒருமுறை விரித்தால் போதும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பலருக்குத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

தசைக்கான பயிற்சிகளை விழுங்கல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பார். அடிப்படையானவை மூன்று. முதலாவது, தொண்டைத் தசைகள் அத்தனையையும் இறுக்கிப் பெரிய மாத்திரையை விழுங்குவது போல முழு பலத்தோடு விழுங்குவது. இரண்டாவது, விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறுவதை விரலால் தொட்டுணர்ந்து, ஏறிய நிலையிலேயே இரண்டு மூன்று நொடி நிறுத்தி வைப்பது. மூன்றாவது, நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே மெல்லப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது. இந்த மூன்றாவதை வாயில் உணவோ தண்ணீரோ இருக்கும்போது ஒருபோதும் செய்யக் கூடாது, புரை ஏறிவிடும். எத்தனை முறை, நாளைக்கு எத்தனை தடவை என்பதைச் சோதனையைப் பார்த்து அவர் முடிவு செய்வார். வாரத்துக்கு ஒருநாள் நூறு முறை செய்வதைவிடத் தினமும் கொஞ்சம் செய்வதே பலன் தரும். வாய் காய்ந்திருந்தால் எச்சில் விழுங்கவே வராது. ஒவ்வொரு முறைக்கும் முன்பு, பாதுகாப்பு என்று சோதனையில் தெரிந்த பதத்தில் ஒரு துளி திரவத்தால் வாயை நனைத்துக்கொள்ளலாம். மூன்றாவது பயிற்சிக்கு முன் அதை விழுங்கி முடித்துவிட வேண்டும்.

வயிற்றுக் குழாய் வழியாகத்தான் பெரும்பகுதி உணவு போகிறது என்றாலும், பாதுகாப்பு என்று சோதனை சொல்லும் அளவுக்கு வாய் வழியாகவும் கொஞ்சம் கொடுங்கள். விழுங்காத தசை வேகமாக மெலியும். மெலிந்ததைத் திரும்பப் பெறுவது கடினம்.

வாய்ச் சுத்தமும் விழுங்கலோடு சேர்ந்ததுதான். நுரையீரலுக்குள் கொஞ்சம் இறங்குவதை முழுதாகத் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் இறங்குவது சுத்தமான வாயிலிருந்தா, கிருமி மண்டிய வாயிலிருந்தா என்பது நம் கையில் இருக்கிறது. நிமோனியா வருவதும் வராததும் பெருமளவு இதைப் பொறுத்தது. சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் வாயையும் நாக்கையும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

இனி வறட்சியும் பற்களும். இவை இரண்டும் ஒரே கதை.

ஆரோக்கியமான ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அது வெறும் ஈரம் இல்லை. அமிலத்தைச் சமன் செய்கிறது, பற்களுக்குக் கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கிறது, பூஞ்சையை அடக்கி வைக்கிறது. அதனால்தான் நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாலும் பற்கள் போய்விடுகின்றன. தண்ணீர் நனைக்கும், காக்காது. சுரப்பு ஓரளவு மீள்வதானால் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே பெரும்பாலும் மீண்டுவிடும். மூன்றாம் ஆண்டில் இருப்பதைக் கிட்டத்தட்ட நிலையான அளவு என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

ரேடியேஷனுக்குப் பிறகு வரும் சொத்தைக்குத் தனி அடையாளம் உண்டு. வழக்கமான சொத்தை கடைவாய்ப் பல்லின் குழியில் தொடங்கும். இது ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் பல்லைச் சுற்றி வந்து, ஒருநாள் பல்லையே முறித்துவிடும். வலி இல்லாமலே நடக்கலாம். நீங்கள் சொல்லும் "ஓரத்தில் உதிர்வது" இதுதான் என்று தோன்றுகிறது. இந்த வாரமே பல் மருத்துவரைப் பாருங்கள்.

தடுப்பதற்கு ஃபுளோரைடுதான். சாதாரணப் பற்பசையில் 1000 முதல் 1500 பி.பி.எம். ஃபுளோரைடு இருக்கும். இவருக்குத் தேவை 5000 பி.பி.எம்., மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பல் வரிசைக்கு அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டில் ஃபுளோரைடு ஜெல்லை இட்டு, இரவில் படுக்கும் முன் 5 முதல் 10 நிமிடம் மாட்டி வைத்திருப்பது இன்னும் நல்லது. எடுத்த பிறகு துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது. பலர் துலக்கியதும் நன்றாக வாய் கொப்பளித்து மருந்து முழுவதையும் கழுவி வெளியேற்றிவிடுகிறார்கள். இதை வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். ஆறு மாதம் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

கொப்பளிக்க, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து தினமும் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை. கெட்டியான பசைச் சளியையும் இது இளக்கும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், இன்னும் காயவைக்கும். எச்சில் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாய் சப்புவது பெரிய தவறு. பாதுகாப்பில்லாத பல்லை அமிலத்தில் ஊறவைப்பது போன்றது அது. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த, சர்க்கரையில்லாத சூயிங்கம் நல்லது, மெல்ல முடிந்தால்.

சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் மிச்சமிருந்தால் எச்சிலைச் சுரக்கத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரை உதவலாம். வழக்கமான அளவு 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. இரண்டு நாளில் முடிவு கட்டாதீர்கள், முழுப் பலன் தெரிய 12 வாரம் வரை ஆகலாம். வியர்வை கொட்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். கட்டுப்படாத ஆஸ்துமாவோ குறுகிய கோண வகைக் கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் பாருங்கள். சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர்ப்பைக்கான சில மருந்துகள் எல்லாமே வாயை உலர்த்துபவை. வாய் திடீரென்று எரியத் தொடங்கினால், வெள்ளைப் படலம் இல்லாவிட்டாலும் பூஞ்சைத் தொற்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல்செட் போடுபவராக இருந்தால் இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. கதிர்வீச்சு பட்ட கீழ்த்தாடையிலிருந்து பல்லைச் சாதாரணமாகப் பிடுங்கக் கூடாது. அந்த எலும்புக்கு இரத்தம் குறைவு. பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்து, செத்து, தாடையே உடையும் அளவுக்குப் போகலாம். 60 கிரேக்கு மேல் பட்ட இடத்தில் ஆபத்து அதிகம். ஐந்தாண்டு, பத்தாண்டு ஆனாலும் இந்த ஆபத்து காலாவதி ஆவதில்லை. புதிதாகப் போகும் பல் மருத்துவர் வாயைப் பார்த்து மட்டும் இதைத் தெரிந்துகொள்ள முடியாது, நாற்காலியில் உட்காரும் முன்பே நீங்கள் சொல்ல வேண்டும். முடிந்தவரை வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். மேல்பகுதி உடைந்துவிட்டால் அதை வெட்டி நீக்கி, சிகிச்சை செய்த வேரை எலும்பிலேயே விட்டுவிடுவதும் உண்டு. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த இடத்துக்கு எத்தனை கிரே போனது என்று பார்த்த பிறகு, இதில் அனுபவமுள்ள வாய் அறுவை நிபுணரே செய்யட்டும். பிடுங்கும் முன் உயர் அழுத்த ஆக்சிஜன் கொடுப்பது ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் பயன் தெரியாததால் இப்போது எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஈறில் எலும்பு தெரிவது, நாக்கில் கூராக ஏதோ தட்டுப்படுவது, கீழுதடு மரத்துப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

வாய் திறப்பதற்கு வருவோம். மேல் கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 35 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தாடை இறுக்கம் என்று கணக்கு. அளவுகோல் இல்லையென்றால் அவருடைய மூன்று விரல்களை அடுக்கி நிறுத்தி நுழைக்க முடிகிறதா என்று பார்க்கலாம். பயிற்சிக்குப் பரவலாக இருக்கும் ஒரு கணக்கு: ஏழு முறை திறப்பது, ஒவ்வொரு முறையும் ஏழு நொடி நிறுத்துவது, நாளைக்கு ஏழு தடவை. இதற்கென்றே தாடையை விரிக்கும் கருவிகள் உண்டு. மருத்துவர்கள் நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டைக் குச்சிகளை அடுக்கிக் கடைவாய்ப் பற்களுக்கிடையே வைத்து, பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டுவதும் பலன் தரும். தளர்ந்த முன்பற்களில் அழுத்தம் கொடுத்தால் பல் முறியும், அதனால் பல் மருத்துவர் பார்த்த பிறகே தொடங்குங்கள். இழுப்பது தெரிய வேண்டும், குத்தும் வலி வரக் கூடாது. மூன்று ஆண்டு ஆன இறுக்கத்தில் வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினாலே பெரிய விஷயம், வாராவாரம் எழுதி வையுங்கள். திறப்பு திடீரென்று குறைந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்புப் பாதிப்போ நோய் திரும்புவதோ காரணமாக இருக்கலாம்.

கழுத்தையும் தோளையும் எல்லாப் பக்கமும் மெதுவாகத் திருப்பி நீட்டும் பயிற்சி தினமும் வேண்டும். கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதும் அழுத்திப் பிடித்துவிடுவதும் கூடவே கூடாது. தாடைக்கடியில் காலையில் பைபோல் வீங்கி மாலையில் வடிந்தால் அது நிணநீர்த் தேக்கம். தலைமாட்டை உயர்த்திப் படுப்பதும், பயிற்சி பெற்றவரிடம் கற்ற மென்மையான நிணநீர் மசாஜும் உதவும். அது தோலை லேசாக நகர்த்தும் அளவுதான், அமுக்குவது இல்லை.

அசதிக்கு முதலில், தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கழுத்துக்கு ரேடியேஷன் போனால் தைராய்டும் அதே பாதையில்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்தும் அது மந்தமாகலாம். அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மனச்சோர்வு என்று வருவதை "புற்றுநோய் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவது மனதுக்கு வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் சுலபமாகச் சரிசெய்யக்கூடியது இதுதான். 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சின் மாத்திரை தொடங்கினால் வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு சரியாக இருந்தும் அசதி என்றால் இரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடை, போதாத சாப்பாடு, மனச்சோர்வு என்று அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டின் போட்டிருப்பதால் ஒருமுறை காது கேட்கும் திறனையும் சோதியுங்கள். டிவி சத்தத்தைக் கூட்டுவதும், பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்குவதும் அதனாலும் இருக்கலாம்.

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனிகளும் கதிர்வீச்சு பட்டதால் காலப்போக்கில் தடித்துக் குறுகக்கூடும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கறாராகக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும், புகை அறவே கூடாது. அல்ட்ராசவுண்டில் பார்ப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பல ஆண்டுகள் கழித்து நாக்கு ஒருபக்கம் மெலிவது, பேச்சு குழறுவது, குரல் தளர்வது நரம்பு பாதிப்பால் வரலாம். ஆனால் வாய் ஒருபக்கம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது திடீரென்று வந்தால் அது பக்கவாதம், உடனே அவசரப் பிரிவுக்கு. மூச்சு இழுக்கும்போது விசில் போன்ற சத்தம் வந்தாலும், வாயிலிருந்தோ கழுத்திலிருந்தோ இரத்தம் கொட்டினாலும் அப்படியே. சிறிதாகக் கசிந்து தானாக நின்றுவிட்டாலும் போய்க் காட்டுங்கள், பெரிய கசிவுக்கு முன்னால் அப்படி வருவதுண்டு. புதுக் கட்டி, ஒருபக்கக் காதுவலி, மூன்று வாரத்துக்கு மேல் மாறாத குரல் கரகரப்பு ஆகியவற்றுக்கு அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

அப்பா தனியாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிட்டாரா என்றும் பாருங்கள். மெதுவாகச் சாப்பிடுவதும் அடிக்கடி துப்புவதும் பலரைக் கூச்சப்பட வைத்து, எல்லோரும் உட்காரும் இடத்திலிருந்து விலக்கிவிடும். பிறகு சாப்பாடு குறையும், எடை குறையும். அவருக்கு முன்னதாகவே பரிமாறிவிட்டு, அவர் முடிக்கும் வரை யாராவது ஒருவர் கூட இருங்கள். ஆனால் விழுங்கும்போது அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். பேசவும் விழுங்கவும் ஒரே குரல்வளைதான்.

கடைசியாக ஒரு காகித வேலை. ரேடியேஷன் கொடுத்த மருத்துவமனையில் சிகிச்சைச் சுருக்கம் வாங்குங்கள். மொத்தம் எத்தனை கிரே, எத்தனை முறை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கழுத்தின் எந்தப் பக்கம், கீழ்த்தாடைக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் எவ்வளவு, சிஸ்பிளாட்டின் மொத்த அளவு என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தாடையில் கதிர் விழுந்த அளவைக் காட்டும் படமும் கிடைத்தால் சேர்த்து வாங்குங்கள். ஆண்டுகள் போகப் போகப் பழைய பதிவுகளைத் தேடி எடுப்பது கடினமாகும், அதனால் இப்போதே கேளுங்கள். ஒரு பிரதியை அப்பாவின் பையில் வையுங்கள், இன்னொன்றைப் போனில் படமெடுத்து வையுங்கள். பல் மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், அவசரப் பிரிவில் இருப்பவர் மூவரும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.